ஒரு விரல் சந்து

பாறைக்குளம் பிரம்மநாயகம் வீட்டுத் தோட்டப் பாதையில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எதைப் போட்டு அடைக்கலாம் என்று ஊரெல்லாம் கேட்டு முடிப்பதற்குள் ஆனி மாதம் தீர்ந்துபோயிற்று. மனுஷன் மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் வீடு வீடாய்ப் போய் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மிதிக்காத வாசல் ஊரில் கிடையாது, அவரைப் பார்த்துக் குரைக்காத நாய் கிடையாது, எந்த வீட்டிலும் அட்டையில் எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிற நேரத்தில் ஏதாவது ஒன்றுக்கு யோசனை கேட்காமல் அவர் வெளியே வந்ததும் கிடையாது. பல்லைப் பிடுங்கலாமா, அடைக்கலாமா? மகளுக்கு மாப்பிள்ளை திருப்பூரில் பார்க்கலாமா, தூத்துக்குடியில் பார்க்கலாமா? ஸ்கூட்டர் வாங்குகிறபோது நாற்பத்துமூன்று வீட்டில் கலர் கேட்டார், நாற்பத்துமூன்று பேரும் சொல்லாத ஒரு கலரில் வாங்கினார், பிறகு ஏன் இந்தக் கலர் என்று அதே நாற்பத்துமூன்று வீட்டுக்கும் போய் விளக்கம் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தப் பாதையே அவர் மகள் செண்பகவல்லிக்காகப் போட்டது. வைகாசியில் ஏழாம் மாதத்து வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மேற்கே மலையில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் பாறைக்குளத்துத் தோட்டமெல்லாம் குழைத்த களிதான். வாசல்படியிலிருந்து கேட்டு வரைக்கும் இருக்கிற பதினாறு தப்படிக்குள் ஒருநாள் அவள் வழுக்கி, முருங்கைக் கொப்பைப் பிடித்து, கொப்பு ஒடிந்து, எப்படியோ உட்கார்ந்த மாதிரி விழுந்தாள். அவள் அம்மா உலகம்மாள் போட்ட சத்தத்தில் எதிர்த்தெரு டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டார். அன்றைக்கே பிரம்மநாயகம் குவாரிக்குப் போய்ப் பத்தடி நீளத்தில் நாலு பலகைக்கல் பார்த்துவிட்டு வந்தார். கொத்தனார் பூதத்தான் ஆளும் கடப்பாரையுமாக வந்து, நாலு கல்லையும் வரிசையாகப் படுக்க வைத்து, நடுவில் மூன்று இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சந்து விட்டு, “சந்துக்கு என்ன போட அண்ணாச்சி?” என்று கேட்டான்.

கேட்டிருக்கக் கூடாது. அந்த ஆளிடம் போய் அதைக் கேட்டிருக்கவே கூடாது.

சிமெண்டு போடுங்க சார், போட்டால் போட்டதுதான் சார் என்றார் சிமெண்டுக் கடைக்காரர். அய்யய்யோ சிமெண்டா சார், சாரலுக்கு விரிசல் விடும் சார், எபாக்ஸி போடுங்க சார், உங்க பேரனுக்குப் பேரன் வந்து பார்த்தாலும் பளபளவென்று இருக்கும் சார் என்றார் அவருக்கு அடுத்த கடைக்காரர். அருகம்புல் பதித்தால் பாதம் குளிரும் என்று டெய்லர் சொன்னார். ஆற்றுமணல்தான் கல்லுக்கு மூச்சு, மணல் போட்டால்தான் மழைத்தண்ணி இறங்கும் என்று வார்டு கவுன்சிலர் தளவாய் சொன்னார். தளவாய்க்கு மைக் இல்லாத இடத்திலும் மைக் இருக்கும், ஆகவே அன்பார்ந்த அண்ணாச்சி அவர்களே என்று ஆரம்பித்து, மணல் மணல் மணல் என்று மூன்று தடவை சொல்லி, கைதட்டலுக்குக் கொஞ்சம் நின்று முடித்தார். உலகம்மாள் எதையாவது போட்டு மூடுங்க என்றாள். செண்பகவல்லி மட்டும், “எப்பா, சிமெண்டப் போட்டு வேலய முடிங்க” என்றாள். வீட்டு ஆட்கள் சொல்வதை அவர் என்றைக்கும் யோசனைக் கணக்கில் சேர்த்துக்கொண்டதில்லை.

பூதத்தான் நிறையப் பேரைப் பார்த்தவன். இந்த மாதிரி ஆட்களுக்கு அவனிடம் ஒரு வழி உண்டு: சுவருக்கு நாலு கலர் பூசிக் காட்டுகிற மாதிரி, வீட்டை ஒட்டிய முதல் சந்தில் ஆற்றுமணல், நடுச்சந்தில் அருகம்புல், கேட்டை ஒட்டிய மூன்றாம் சந்தில் சிமெண்டு என்று மாதிரிக்கு ஒவ்வொன்றை வைத்து, பத்து நாள் நடந்து பாருங்க, எது காலுக்குப் பிடிக்கோ சொல்லுங்க, மிச்ச ரெண்டையும் தோண்டி எடுத்துட்டு அதையே போட்டுருதேன் என்றான். பத்து நாள் முடிவதற்குள் ஆடி பிறந்தது. ஆடியில் கரண்டி பிடிக்க மாட்டேன், எங்க அப்பன் காலத்திலிருந்து ஆடியில் வேலை தொடங்கிய கட்டடம் நின்றதில்லை, ஆவணி ஒண்ணாந்தேதி விடிய வாரேன் என்று சொல்லிவிட்டு, கரண்டியைக் கழுவித் துடைத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனான். பிரம்மநாயகத்துக்கு அது ரொம்பத் தோதாகப் போயிற்று. கேட்பதற்கு இன்னும் முப்பத்தோரு நாள்.

ஆடி இரண்டாந்தேதி கேட்டில் பால் வாங்கப் போன உலகம்மாள் திரும்பி வருகிறபோது காப்பி நேரம் தாண்டிவிட்டது. மூன்றாந்தேதி பால் வழியிலேயே திரிந்தது. நாலாந்தேதி அவள் ஒரு தூக்குச்சட்டியில் புளியோதரையைக் கட்டி எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனாள்.

சந்து விரிந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் அதே ஒரு விரல் அகலம்தான், டெய்லர் டேப் வைத்து அளந்தும் பார்த்தார்; நிமிர்ந்து காலைத் தூக்கி வைத்தால் கால் அடுத்த கல்லுக்குப் போய்ச் சேரவில்லை. போட்டது எதுவோ அதுவாகவே விரிந்தது. மணல் போட்ட சந்தில் காலை வைத்தவர்கள் மணலில் நடந்தார்கள், நாலு நாளில் மணலுக்கு நடுவே கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது, ஆடி எட்டில் முழங்கால், ஆடிப் பெருக்கில் இடுப்பு. புல் பதித்த சந்து கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் பச்சையாகக் கிடந்தது. சிமெண்டுச் சந்து மட்டும் நிமிர்ந்தாலும் குனிந்தாலும் ஒரு விரல்தான். அதை யாரும் பார்க்க வரவில்லை, அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

ஊர் மூன்று நாள் வாயைப் பிளந்தது, நாலாவது நாள் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தது. புல்வெளியில் வடக்குத் தெரு மாடுகள் முன்பாதி, தெற்குத் தெரு மாடுகள் பின்பாதி என்று ஒரு வாரத்தில் ஏற்பாடாகி, பத்தாவது நாளில் அந்த ஏற்பாட்டை வைத்து ஒரு அடிதடியும் ஆகி, இரண்டு பக்கமும் வழக்குக்கு ஆள் பிடித்தார்கள். ஆற்றங்கரையில் ஒரு பஜ்ஜிக் கடை வந்தது. அருவியில் கூட்டம் என்று திரும்பிய வேன்களெல்லாம் பிரம்மநாயகம் வீட்டு கேட்டில் நின்றன, எண்ணெய் தேய்த்த ஆட்கள் புல்வெளியைக் கடந்து நடந்து வந்து ஆற்றில் குளித்துவிட்டு, தலையைத் துவட்டியபடி, தண்ணி என்னா ருசி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்துக்கு இந்த வழியாகப் போனால் தூரம் என்று ஒரு அம்மாள் குறைப்பட்டதற்கு, உங்களை யார் பிரம்மநாயகம் வீட்டு வழியாகப் பள்ளிக்கூடம் போகச் சொன்னது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவ்வளவு பழகிவிட்டது.

பிரம்மநாயகத்துக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன். அத்தனை வருஷம் அவர் வீடு வீடாய் ஊரிடம் போனார். இப்போது ஊர் அவரிடம் வந்தது, வந்து யோசனையும் சொன்னது. ஆவணி பிறந்தால் மூன்றுக்கும் எதைப் போடுவது என்று அவர் கேட்டதும் மாட்டுக்காரர்கள் புல் என்றார்கள், பஜ்ஜிக்காரர் மணல் என்றார், அடைக்கவே வேண்டாமே அண்ணாச்சி, இப்படியே இருக்கட்டுமே என்று குளித்துக் கரையேறினவர்கள் சொன்னார்கள். தளவாய் ஒரு படி மேலே போய், ஆற்றங்கரையில் இரண்டு இரும்புக் கால் நட்டு, நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்தில் ‘பிரம்மநாயகம் ஆறு, ஆழம் கவனம்’ என்று போர்டு வைத்தார். திறப்பு விழாவுக்குப் பிரம்மநாயகம் சலவை வேட்டியில் போய் நின்றார். வேண்டாம் வேண்டாம் என்று சொன்னார். சொல்லும்போதே ரிப்பனைக் கத்தரித்தார்.

வீட்டுக்குள் மட்டும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. முன்னெல்லாம் தெருவில் ஹாரன் அடித்தால் சமையல்கட்டில் தட்டு அதிரும். இப்போது கேட்டில் நின்று ஆள் கூப்பிட்டால், காலையில் கூப்பிட்டது மத்தியானம் ஒரு முனகலாக வந்தது. பேப்பரில் நேற்றைய தேதி இருந்தது, பிறகு முந்தாநாள் தேதி. ராத்திரி தெருவிளக்கு தெரியவில்லை. செண்பகவல்லி முதல் கல்லின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு இருப்பாள், ஆறு ஏறுகிறபோது வயிற்றுப்பிள்ளை உதைப்பதை நிறுத்திவிடுகிறது என்று ஒருநாள் அம்மாவிடம் மெல்லச் சொன்னாள். வடிந்தால் மறுபடியும் உதைக்கிறது. காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருக்கு எம்மா என்றாள். உலகம்மாள் அவளை அதட்டி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள், அதன்பிறகு அவளும் ஆறு ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்து வந்து மகள் வயிற்றில் கையை வைத்தாள்.

வாரத்துக்கொரு தடவை பார்க்க வருகிற ஜைத்தூன் நர்ஸம்மா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இடுப்புத் தண்ணீரில் பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்து, ஈரப் புடவையோடேயே திட்டினாள்.

“அண்ணாச்சி, பிள்ளைக்குத் தலை இறங்கியாச்சு. நூத்தெட்டு வண்டி கேட்டத் தாண்டி வராது, இவள அங்க கொண்டுபோக அரை நாளாகும். இன்னைக்கே கூட்டிட்டுப் போயி வெளிய ஒரு ரூமு எடுத்துப் போடுங்க. என்னத்த யோசிக்கிய?”

யோசிக்கிறதுக்கு இருந்தது. வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்த பிள்ளை, பிரசவம் ஆகிற வரைக்கும் ஆறு தாண்டக் கூடாது. இது உலகம்மாளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், குளிக்க வந்தவர்களுக்குக்கூடத் தெரியும். தாண்டினால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லாததாலேயே ஒருத்தரும் தாண்ட விட்டதில்லை. வீட்டுத் தோட்டத்துச் சந்தில் ஓடுகிறதெல்லாம் ஆறாகுமா, அதுதான் இப்போது கேள்வி. பிரம்மநாயகம் முப்பது பேரிடம் கேட்டார். பதினைந்து பேர் ஆறு என்றார்கள், பதினைந்து பேர் வாய்க்கால் என்றார்கள். முப்பத்தோராவதாக அவர் கோயில் பட்டரிடம் போனார். பட்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார், தலையைப் பக்கவாட்டில் ஆட்டியபடி, சாஸ்திரத்துல தண்ணி அளவு பாக்கறதில்லே ஓய், பேரு இருந்தா ஆறு, பேரு இல்லேன்னா வெறும் ஓடை, ஓடையைத் தாண்டலாம் பேஷாத் தாண்டலாம் என்றார்.

பிரம்மநாயகம் மூச்சு விட்டார்.

“ஆனா நீர் போர்டு வச்சுட்டீரே” என்றார் பட்டர்.

அன்றைக்கே போர்டைப் பிடுங்கப் போனார். தகரம் வந்தது, பேர் போகவில்லை. பிரம்மநாயகம் ஆற்றுக்குப் போறேன், பிரம்மநாயகம் ஆற்றில் குளித்தேன் என்று அதற்குள் பத்து ஊர் சொல்லிப் பழகியிருந்தது, செங்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர் அந்தப் பேரைச் சொல்லி விசில் கொடுத்தார். போர்டைப் பிடுங்கின குழியில் தண்ணீர் ஊறி நின்றது. கரை சரிகிறதே என்று குனிந்து, சந்தில் ஒரு பிடி மணல் போட்டார். மறுநாள் நிமிர்ந்து பார்த்தால் இரண்டு கரையிலும் ஆள் உயரத்துக்கு மணல் மேடு. அப்போதுதான் அவருக்கு ஒன்று பிடிபட்டது: நடக்கிறவனுக்குத்தான் அது ஆறு, குனிகிறவனுக்கு அது ஒரு விரல் சந்து, அதற்கு வேண்டியது ஒரு பிடிதான். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத முதல் விஷயம் அது.

ஆடி இருபத்தெட்டு, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், செண்பகவல்லிக்கு வலி எடுத்தது.

அன்றைக்கு ஆறு மார்பு வரைக்கும் வந்திருந்தது. உலகம்மாள் மகளைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்துவிட்டு, இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரைக் கொடுத்துக்கொண்டே, சூட்டுவலியாத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொன்னாள். மூன்றாவது வலியில் செண்பகவல்லி கடித்த உதட்டில் ரத்தம் வந்தது. இரண்டு பேரும் பிரம்மநாயகத்தைப் பார்த்தார்கள். அவர் போனை எடுப்பார், டெய்லரைக் கேட்பார், பட்டரைக் கேட்பார், தளவாயைக் கேட்பார் என்று பார்த்தார்கள். அவர் போனை எடுக்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கொல்லைப் பக்கம் போனார்.

கொல்லைத் தகரக் கொட்டகையில் பூதத்தான் விட்டுப்போன சிமெண்டில் அரை மூட்டை மிச்சம் இருந்தது. ஆடியாவது, கரண்டியாவது. இரும்புச்சட்டியில் சிமெண்டைக் கொட்டி, கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, வெறுங்கையால் பிசைந்தார். பூதத்தான் பிசைந்ததைப் பார்த்திருந்தார், தோசை மாவுக்குக் கொஞ்சம் கெட்டியாக வரவேண்டும். தண்ணீர் கூடிப்போயிற்று, மறுபடி சிமெண்டு, மறுபடி தண்ணீர். கால்மணி நேரம் ஆகியிருக்கும். சிமெண்டு போட்டால் சந்து நிற்கும்; ஆறு போகும்; மகளை மணைப்பலகையில் உட்கார வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் புல்வெளி வழியே தூக்கிக்கொண்டு போகலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த நினைப்பே அவருக்கு உடம்பில் புது ரத்தம் ஓடுகிற மாதிரி இருந்தது. முப்பத்தோரு வருஷமாகக் கேட்டதெல்லாம் எதற்கு என்று சிரிப்புக்கூட வந்தது.

அவர் பிசைந்துகொண்டிருந்த அந்தக் கால்மணி நேரத்துக்குள் வீட்டின் முன்பக்கம் அக்கரையிலிருந்து ஜைத்தூன் குரல் கேட்டது. வழக்கமாக வருகிற கிழமையில் வந்தவள், இக்கரையில் அலறுகிற சத்தம் காதில் விழுந்து, அங்கிருந்தே, இறக்கி விடுங்க மதினி, நான் வாங்கிக்கிடுதேன், நேரம் இல்ல என்று கத்தினாள். உலகம்மாள் ஆற்றைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். அவளுக்கும் யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

“ஆறு கெட்ட கேட்டுக்குச் சாஸ்திரம் ஒரு கேடா? வாட்டி” என்றாள்.

துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றை அறுத்து மகளின் அக்குளுக்குக் கீழே சுற்றிக் கட்டி, இன்னொரு முனையைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, முதல் கல்லின் விளிம்பிலிருந்து அவளைத் தண்ணீரில் இறக்கிவிட்டாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும், சோப்பு நுரை முகத்தோடு, பிள்ளைத்தாய்ச்சிக்கு வழிவிட்டு அக்கரையில் ஏறி நின்றார்கள். ஆற்றில் அவள் ஒருத்திதான். நடு ஆற்றுக்குப் போகிற வரைக்கும் நடந்தாள். நடு ஆற்றில் நின்றாள். நின்று, இரண்டு கையாலும் தண்ணீருக்குள் வயிற்றுக்குக் கீழே எதையோ பிடிக்கிற மாதிரி குனிந்தாள். ஜைத்தூன் அக்கரை விளிம்பில் சாய்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

பிரம்மநாயகம் வீட்டின் பக்கவாட்டு வழியாக, குரோட்டன்ஸ் செடிக்குப் பின்னால், சட்டியைத் தூக்கிக்கொண்டு குனிந்தபடியே வந்தார். நிமிர்ந்தால் ஆறு தெரியும், தெரிந்தால் மனசு மாறும், யாரையாவது கேட்கத் தோன்றும் என்றுதான் குனிந்தே வந்தார். முதல் கல்லின் மூலையில் மண்டியிட்டார். குனிகிறவருக்குத் தெரிவது ஒரு விரல் சந்து, அதில் கொஞ்சம் ஈரமணல், அவ்வளவுதான். ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரைக்கும், சிந்தாமல் சிதறாமல், சட்டியைச் சாய்த்து ஊற்றிக்கொண்டே போனார், உள்ளங்கையால் வழித்து மட்டம் பண்ணினார். நல்லா வந்திருக்கு என்று நினைத்தார். நிமிர்ந்தார்.

ஆறு இல்லை. ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம், இரண்டாவது கல்லில், பத்தடி நீளத்துக்குள், நாற்பது ஐம்பது பேர் ஈரத்துண்டும் சோப்பு நுரையுமாக ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள், பஜ்ஜிக்காரர் சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். எல்லாருக்கும் முன்னால் ஜைத்தூன், கையால் தொட்டுவிடுகிற தூரத்தில், எதற்கோ நீட்டின இரண்டு கையையும் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். இந்தப்பக்கம் உலகம்மாள். அவள் கையில் சுற்றியிருந்த கொடிக்கயிறு விறைப்பாக இறங்கி, ஈரச் சிமெண்டுக்குள் போயிற்று.

“நீங்க என்ன செஞ்சிய?” என்று உலகம்மாள் கேட்டாள்.

அவர் கயிற்றைப் பார்த்தார். கயிறு ஒரு தடவை அசைந்தது. அவர் விழுந்து படுத்து, கோட்டுக்குள் விரலை விட்டார், நகத்தால் வழித்து வழித்து வெளியே எறிந்தார், எறிய எறியச் சுற்றிலும் இருந்து கலவை சரிந்து அதே இடத்தை நிரப்பியது. கட்டைவிரல் போகவில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் அடிக்கணு வரைக்கும் போயிற்று, அதற்குக் கீழே மணலும் இல்லை மண்ணும் இல்லை, குளிர்ந்த தண்ணீர் ஓடியது. அந்தத் தண்ணீரில், விரல் நுனியில், எதுவோ தொட்டது. தொட்டுவிட்டுப் போய்விடும் என்று நினைத்தார். போகவில்லை. ஐந்து சின்ன விரல், நகமெல்லாம் அரிசி நுனி அளவுக்கு, ஒவ்வொன்றாக அவர் விரலைச் சுற்றி மூடி, இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

இழுத்தால் விட்டுவிடும். இழுக்காவிட்டால் சிமெண்டு இறுகிவிடும்.

அவர் தலையைத் தூக்கினார். கவுன்சிலர் தளவாய் அங்கே நின்றார், டெய்லர் நின்றார், மாட்டுக்காரர்கள் நின்றார்கள், கூட்டத்தை இடித்துக்கொண்டு பட்டரும் எட்டிப் பார்த்தார். கடைசி வரிசையில், சாக்கில் சுற்றின கரண்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பூதத்தான்கூட நின்றான். பிரம்மநாயகம் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்து, வாழ்நாளெல்லாம் கேட்ட அதே குரலில், “நான் என்ன செய்ய?” என்று கேட்டார்.

தளவாய் டெய்லரைப் பார்த்தார், டெய்லர் பட்டரைப் பார்த்தார், பட்டர் பூதத்தானைப் பார்த்தார். விரலைச் சுற்றிக் கலவை மெல்லச் சூடேறத் தொடங்கியிருந்தது.